ஐஸ்கிரீம் குச்சி ஒட்டினால் மர காராகிவிடுமா?

மாடல் கார் செய்கிற கூட்டத்தில் ஒரு வறட்டு கௌரவம் உண்டு. "நிஜ மரம் ஒட்டியிருக்கு மச்சி, டீகால் எல்லாம் ஏமாத்து வேலை!" பாக்கெட் மணியில் பெயிண்ட் வாங்கி முதல் காரைச் செய்துகொண்டு வரும் பையன் இதைக் கேட்டால் அத்தோடு பிரஷ்ஷைக் கீழே போட்டுவிடுவான்.

மரம் ஒட்டிய கார் எழுபதுகளின் ஃபோர்டு கன்ட்ரி ஸ்கொயராக இருந்தால் இதைவிடப் பெரிய காமெடி கிடையாது. 1950 முதல் 1991 வரை வந்த கார் அது. ஆரம்பத்தில்தான் பக்கவாட்டில் நிஜ மரம். 1952-லேயே உடம்பு முழுக்க இரும்பாகி, பலகை இருந்த இடத்தில் மர ரேகை அச்சடித்த ஃபிலிம் வந்துவிட்டது. ராஜகீழ்ப்பாக்கம் ஃப்ளாட்டில் பெட்ரூம் கதவுக்குத் தேக்கு டிசைன் மைக்கா ஒட்டுவார்களே, அதே கதை. அசலே ஸ்டிக்கர்! அதற்கு நிஜ மரம் ஒட்டுவதுதான் ஏமாற்று வேலை.

"அப்போ மோரிஸ் மைனர் டிராவலர்?" என்பார்கள். நியாயமான கேள்வி. 1953-ல் வந்த அந்தக் காரின் பின்பாதியைத் தாங்குவதே ஆஷ் மரச்சட்டம்தான். ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே. 1:24 அளவில் ஐஸ்கிரீம் குச்சியின் ரேகைகள் 2 மி.மீ. இடைவெளியில் ஓடினால், நிஜக் காரில் அது 48 மி.மீ. கிட்டத்தட்ட இரண்டு அங்குலம்! அப்படி ஒரு மரம் எந்தக் காட்டில் வளர்கிறதாம்? மரம் நிஜம், அளவு பொய்.

பெயிண்ட்டில் இந்தத் தொல்லை இல்லை. வெளிர் பழுப்பு அக்ரிலிக் அடித்துக் காயவிட்டு, மேலே துளி அம்பர் ஆயில் பெயிண்ட்டைத் தொட்டு, காய்ந்த தட்டை பிரஷ்ஷால் ஒரே திசையில் இழுத்தால் போதும். நிற்கும் சட்டத்தில் ரேகை மேலும் கீழுமாக, படுக்கும் சட்டத்தில் குறுக்காக. இரண்டும் சேரும் இடத்தில் திசை மாறவில்லை என்றால் எவ்வளவு அழகாக இழுத்தும் பிரயோஜனமில்லை. ஆயில் காய நாலைந்து நாள் பொறுக்க வேண்டும் (இங்கேதான் எல்லோரும் சொதப்புவது). அடைமழை நாளில் லேக்கர் ஸ்ப்ரே அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும், ஜாக்கிரதை.

ரேகை தெரிந்தே ஆகவேண்டும் என்பதும் ஒரு வியாதி. நாமக்கல்லில் பாடி கட்டிய பழைய லாரியைப் பாருங்கள். பக்கப்பலகை மரம்தான், ஆனால் மேலே தடிமனாகப் பெயிண்ட். அந்த மாடலில் ரேகை வரைந்தால் தப்பு. லோடு ஏற்றி இறக்கித் தேய்ந்த தரைப்பலகையில் மட்டும் வரையலாம், அதுவும் அழுக்கோடு.