கிருமிக்கு மின்சாரம்!

கிருமி என்றதும் நோய்தான் நினைவுக்கு வரும். ஆனால் எல்லாக் கிருமிகளும் பகைவர்கள் அல்ல. பாலைத் தயிராக்குவதும் கிருமிதான். நஞ்சு கலந்த தண்ணீரைச் சுத்தம் செய்யும் கிருமியும் உண்டு!

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் ரைபிள் என்று ஓர் ஊர். அங்கே யுரேனியம் பிரிக்கும் பழைய ஆலை ஒன்று இருந்தது. 1958-ம் ஆண்டில் அதை மூடினார்கள். பிறகு, குவிந்து கிடந்த கழிவையும் அள்ளி அகற்றினார்கள். ஆனாலும் நிலத்தடி நீரில் யுரேனியம் தங்கிவிட்டது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு.

2002-ம் ஆண்டில் விஞ்ஞானிகள் அங்கே ஒரு சோதனை செய்தார்கள். "ஜியோபாக்டர்" என்ற கிருமி மண்ணுக்குள் இயற்கையாகவே வாழ்கிறது. அதற்கு இரையாக "அசிடேட்" என்ற பொருளை நிலத்துக்குள் செலுத்தினார்கள். இது வினிகரின் புளிப்போடு உறவுடைய பொருள்.

இரை தின்று கிருமி பெருகியது. நீரில் கரைந்திருந்த யுரேனியத்தைக் கரையாத பொருளாக மாற்றியது. 50 நாட்களுக்குள், சோதனைக்காகத் தோண்டிய சில கிணறுகளில் நஞ்சு வெகுவாகக் குறைந்தது.

ஆனால் பிறகு வேறு கிருமிகள் பெருகி, இரையைப் பிடுங்கிக்கொண்டன. நஞ்சு மறுபடியும் ஏறியது!

இதற்கு வழி என்ன? இரைக்குப் பதிலாக மின்சாரம் கொடுத்துப் பார்த்தார்கள், கிரிகோரி, லவ்லி என்ற விஞ்ஞானிகள். 2005-ம் ஆண்டில் அதன் முடிவு வெளிவந்தது.

யுரேனியம் கலந்த நீரில் தண்டு வைத்து மின்சாரம் செலுத்தினார்கள். யுரேனியம் நீரை விட்டு நீங்கியது. மின்சாரத்தை நிறுத்தியதும் அவ்வளவும் நீருக்கே திரும்பிவிட்டது. தண்டின்மீது கிருமியை வளர்த்தபோதோ, மின்சாரம் நின்ற பிறகும் அது திரும்பவில்லை. காற்று படும்வரை தண்டிலேயே இருந்தது.

நஞ்சு கலந்த மண்ணிலும் சோதித்தார்கள். நீங்கிய யுரேனியத்தில் 87 சதவீதம் தண்டிலிருந்தே கிடைத்தது. தண்டை எடுத்தால் நஞ்சும் வெளியே வந்துவிடும்!

மின்சாரம் தனியாகச் செய்ய முடியாததை, கிருமியும் சேர்ந்து செய்து முடித்தது. பாராட்ட வேண்டிய கண்டுபிடிப்பு.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. இது ஆய்வுக்கூடத்தில் நடந்த சோதனை. மண்ணுக்கடியில் பரந்து ஓடும் நீரை இப்படிச் சுத்தம் செய்வது எளிதல்ல. ரைபிளில் ஆலை மூடி 44 ஆண்டுகளுக்குப் பிறகும் விஞ்ஞானிகள் நஞ்சோடு போராட நேர்ந்தது.

கெட்ட நீரைத் திருத்த விஞ்ஞானம் வழி தேடுகிறது. நல்ல நீரைக் கெடுக்க அது அனுமதிச் சீட்டு அல்ல. கழிவுக்கு வழி செய்த பிறகே ஆலையைத் திறக்கவேண்டும். கிருமி உழைக்கும், மின்சாரம் உதவும். மனிதன் தன் கடமையைச் செய்யவேண்டாமா?