சிவப்பு சிலிண்டரில் இருக்கும் இங்கிலீஷ்



வைல்டுஃபயர், ஃபயர் லைன், எக்ஸ்டிங்விஷர். இங்கிலீஷ் பாடத்துக்காக எல்லாரும் ஐந்து தடவை எழுதினோம். "நம்ம திருக்கனூர்ல காடு எங்க இருக்கு?"ன்னு ஒருத்தி கேட்டாள். காடு இல்லைதான். கரும்புச் சோகையும் கூரை வீடும் எரியாதா?

இந்த வார்த்தைகளை ஸ்பெல்லிங்கோடு விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து. ஃபயர் லைன் என்றால் நெருப்பு வரிசை என்று தோன்றும். அது இல்லை. தீ தாண்டி வராமல் இருக்க, கோடைக்கு முன்பே சருகை எல்லாம் வழித்து வெறும் மண்ணாக்கி வைக்கும் பாதை அது. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20 பேருக்கு மேல் இறந்தார்கள். சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனுஷங்க ஓட முடியாது.

காட்டை விடுங்கள். தீயணைக்கும் சிவப்பு சிலிண்டரைப் பயன்படுத்த நாலு வார்த்தை சொல்வார்கள்: புல், எய்ம், ஸ்குவீஸ், ஸ்வீப். (முதல் வார்த்தையைக் கேட்டதும் "மாட்டுக்கா?" என்று பையன்கள் சிரிப்பார்கள், தெரியும்.) பின்னை இழு, தீயின் அடியைக் குறி பார், பிடியை அழுத்து, இடமும் வலமுமாக வீசு. தீ பிடித்த பிறகா டிக்‌ஷனரி தேடுவது? கும்பகோணம் பள்ளியில் 2004 ஜூலை 16 அன்று கூரை எரிந்து 94 பிள்ளைகள் இறந்தார்கள். நம்மைவிடச் சின்னவர்கள்.

டீச்சர், அடுத்த டிக்டேஷனை சிலிண்டர் பக்கத்தில் நிற்க வைத்து நடத்துங்கள். அந்த நாலு வார்த்தையையும் தமிழில் எழுதி ஒட்டலாம், கீழே 101 என்று பெரிதாக. நானே எழுதித் தருகிறேன்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி