அட்டையில் சதவீதம் இருக்கு. வீட்டை யார் அளப்பது?

அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு அரசு தரும் அடையாள அட்டையில் ஒரு சதவீதம் இருக்கும். 40-ஐத் தொட்டால்தான் பெரும்பாலான சலுகைகள். அந்த எண் அவரைப் பற்றியது மட்டுமே. ராத்திரி தூங்காத அம்மாவும், வேலையை விட்ட அக்காவும் அதில் வர மாட்டார்கள்.

இதற்காகத்தான் அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழக பீச் சென்டர் ஓர் அளவுகோல் உருவாக்கியது. குடும்ப உறவு, பிள்ளை வளர்ப்பு, மனநிலை, உடல் மற்றும் பொருள் வசதி, குறைபாட்டுக்கான உதவி என 5 பிரிவுகளில் 25 கேள்விகள். எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் பாதுகாப்பாக உணர்கிறீர்களா என்பதும் அதில் ஒன்று.

எண்ணூரில் இந்தக் கேள்விக்கு எடை கூட. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது மக்கள் வீட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அப்படி ஒரு ராத்திரியில், என்ன நடக்கிறதென்றே புரியாமல் அடம்பிடிக்கும் 20 வயது மகனை எப்படிக் கிளப்புவது? சாதாரண நாளும் லேசு இல்லை. பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் இருப்பது முட்டுக்காட்டில், சென்னையின் மறுகோடியில். போய் வந்தால் ஒரு நாள் கூலி காலி. மாத உதவித்தொகையோ 2,000 ரூபாய்.

அளவுகோலிலும் ஒரு சிக்கல் இருக்கு. அது கேட்பது திருப்தியை. 'பழகிப்போச்சு' என்பவர் தாராளமாக 4 போடுவார். தமிழக அரசின் 'உரிமைகள்' திட்டம் வீடு வீடாகக் கணக்கெடுக்கும்போது நேராகவே கேட்கலாம்: நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்? இந்த மாதம் எத்தனை நாள் கூலி போச்சு? சைரன் அடித்தால் கூட ஓடிவர யார் இருக்காங்க?