'ங்க' எந்தத் தெருவோடு நிற்கிறது?

சென்ற மாதம் நாகப்பட்டினத்திலிருந்து ஆய்வுத் தோழர் ஒருவர் எங்கள் ஊருக்கு வந்திருந்தார். கொங்குப் பக்கம் வருவது அவருக்கு இதுதான் முதல்முறை. நகரப் பேருந்தில் நடத்துனர் "சில்லறை இருக்குதுங்களா அம்மிணி" என்று கேட்டதிலேயே சொக்கிப்போய்விட்டார். "உங்க ஊர்ல திட்டினாக்கூட மரியாதையாத்தான் திட்டுவாங்க போல" என்றார். சினிமாவிலும் ரீல்ஸிலும் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போன பாராட்டு இது. சிரித்து வைத்தேன்.

கோவையிலிருந்து கருமத்தம்பட்டிக்கு நண்பரின் காரில் கிளம்பினோம். உப்பிலிபாளையத்தில் ஏறினால் கோல்டுவின்ஸில் இறக்கிவிடும் புதுப் பாலம். 10.1 கிலோமீட்டர், 1,791 கோடி ரூபாய். 2025 அக்டோபர் 9 அன்று முதல்வர் திறந்துவைத்தார். தெரு, சாலை, நீர்நிலைப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கச் சொல்லும் அரசாணை வந்ததும் அதே அக்டோபரில்தான். பாலத்தின் பெயர் ஜி.டி. நாயுடு பாலம். அவருடைய அறிவையோ உழைப்பையோ நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் "நாயுடு என்று சொல்லாவிட்டால் அவரை யாருக்கும் தெரியாதே" என்று அன்றைக்குச் சமாதானம் சொன்னார்களே, அதைத்தான் நானும் சொல்கிறேன். சாதியைக் கழற்றிவிட்டால் இங்கே மனிதரை அடையாளம் தெரியாது.

ஊருக்கு வந்ததும் செபமாலை அன்னை பசிலிக்காவைக் காட்டினேன். சோமனூர்ப் பக்கம் போய்த் தறிச் சத்தம் கேட்கவைத்தேன். இதெல்லாம் எல்லோரும் காட்டுவதுதான்.

மாலையில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனோம். கடைக்காரர் தோழரைப் பார்த்து, "வாங்க அம்மிணி, உக்காருங்க, எந்த ஊருங்க?" என்றார். தோழருக்கு ஒரே மகிழ்ச்சி. அந்த நேரம் வண்டியில் வந்து நின்றான் ஒரு பையன். பதினான்கு, பதினைந்து வயதிருக்கும். என் அப்பாவுக்கு அறுபத்து நான்கு. பெயரைச் சொல்லி, "டேய், நாளைக்குத் தோட்டத்துக்கு வந்துரு" என்றான். அப்பா எழுந்து நின்று, "சரிங்க சாமி" என்றார். கடைக்காரர் எங்கள் இருவருக்கும் கண்ணாடி டம்ளரிலும் அப்பாவுக்குப் பேப்பர் கப்பிலும் டீ கொடுத்தார். என்னிடம் சட்டையும் படிப்பும் இருக்கிறது. அப்பாவிடம் வெறும் பெயர்தான் இருக்கிறது.

தோழர் டீயைக் குடிக்கவில்லை.

மரியாதைத் தமிழ் என்று ஊரெல்லாம் கொண்டாடப்படுவது ஒருவழிப் பாதை. எங்கள் தெருவிலிருந்து மேலே போகும். மேலேயிருந்து எங்கள் தெருவுக்கு இறங்கி வராது. வெளியூர்க்காரருக்குக் கிடைக்கும் 'ங்க', அவர் இன்ன சாதி என்று தெரியாதவரை கிடைக்கிற கடன். 'எந்த ஊருங்க' என்பது வசூலின் முதல் கேள்வி. இது தெரியாமல் "கொங்குத் தமிழ் எவ்வளவு பண்பானது" என்று பகிர்ந்து மகிழும் முற்போக்குத் தோழர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 2018-இல் அவிநாசி வட்டாரத்தில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தின் முன் திரண்டவர்களும் இதே மரியாதைத் தமிழைப் பேசுகிறவர்கள்தான். 2016 மார்ச் 13 அன்று உடுமலையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டப்பட்டபோது அந்தத் தமிழ் எங்கே போயிருந்தது?

இரவு தோழர் ஒரு கேள்வி கேட்டார். அவர்கள் பக்கம் விருந்தாளி வந்தால் வேளாங்கண்ணியையும் நாகூரையும் காட்டுவார்களாம், வெண்மணிக்கும் கூட்டிப்போவார்களாம். 1968 டிசம்பர் 25-இல் 44 பேர் எரிக்கப்பட்ட இடத்தில் ஆண்டுதோறும் கூட்டம் கூடுகிறது. "நீங்க யாராச்சும் வந்தா எங்க கூட்டிட்டுப் போவீங்க?"

மருதமலை, பேரூர், ஆதியோகி சிலை, மால்கள். எனக்குச் சட்டென்று வாயில் வந்தது இந்தப் பட்டியல்தான். ஆய்வு மாணவன், இயக்கத்துக்காரன், எனக்கே! பிறகுதான் சொன்னேன், மேட்டுப்பாளையம் நடூர் என்று.

2019 டிசம்பர் 2, விடியாத நேரம், மழை. பக்கத்து வீட்டுக்காரர் எழுப்பியிருந்த இருபதடி உயரச் சுவர் குடியிருப்பின் மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். எல்லோரும் தலித் மக்கள். அது தீண்டாமைச் சுவர் என்று அந்த மக்கள் சொன்னார்கள். மழை செய்த வேலை என்று மற்றவர்கள் சொன்னார்கள். நீதி கேட்டு மருத்துவமனை முன் உட்கார்ந்தவர்கள் மீது தடியடி நடந்தது. நாகை திருவள்ளுவன் உள்ளிட்டோர் சிறைக்குப் போனார்கள். மகனையும் மகளையும் ஒரே இரவில் இழந்த ஒரு தகப்பன், அந்த நிலையிலும் இருவருடைய கண்களையும் தானம் செய்தார். கொங்கு நாட்டின் பண்பாடு என்று எதையாவது வெளியூருக்குக் காட்டவேண்டுமானால் நான் அந்த மனிதரைத்தான் காட்டுவேன்.

"வந்த பிள்ளைகிட்ட இதையெல்லாமா சொல்லுவே? ஊர் மானம் போகுது" என்று வீட்டிலேயே கேட்டார்கள். அப்பாவை 'டேய்' என்று கூப்பிட்டபோது போகாத ஊர் மானம் நடூரைச் சொன்னால் போய்விடுமா?

மறுநாள் நேரமில்லாமல் தோழர் கிளம்பிவிட்டார். டிசம்பர் 2-க்கு மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார். கருமத்தம்பட்டியிலிருந்து அன்னூர் போய், அங்கே மேட்டுப்பாளையம் பேருந்து மாறவேண்டும். அப்பாவும் வருகிறேன் என்கிறார்.