அவர்களுக்கு நினைவு, நமக்கு யதார்த்தமா?

அண்மையில் சென்னையில் ஒரு புகைப்படக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். எந்த அரங்கு என்பது முக்கியமில்லை. முதல் அறையில் கருப்பு வெள்ளைப் படங்கள்: தேக்கு நாற்காலியில் வக்கீல் தாத்தா, வீணையுடன் அத்தை, காசிக்குப் போய்வந்த பாட்டி. ஒவ்வொன்றின் கீழும் பெயர், ஊர், ஆண்டு, எடுத்த ஸ்டுடியோ. கடைசி அறையில் வண்ணப் படங்கள்: சாக்கடையிலிருந்து மேலே வரும் ஒரு கை, செங்கல் சூளையில் ஒரு சிறுமி. கீழே 'தொழிலாளி' என்று மட்டும் போட்டிருந்தார்கள். முதல் அறைக்கு 'நினைவு' என்று தலைப்பு. கடைசி அறைக்கு 'யதார்த்தம்'.

இதைக் கவனக்குறைவு என்று என்னால் நம்ப முடியவில்லை. இந்தப் பழக்கத்துக்கு வயது நூற்றைம்பதைத் தாண்டுகிறது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா'வில் மனிதர்கள் சாதியின், இனக்குழுவின் மாதிரிகளாக ஒட்டப்பட்டார்கள். 1885-இல் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக வந்த எட்கர் தர்ஸ்டன் ஒருபடி மேலே போனார். ஆட்களை நிறுத்தி மூக்கின் நீள அகலத்தை அளந்தார், படமும் எடுத்தார். ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் அவர் வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' ஏழு தொகுதிகள். படங்களின் கீழே பெரும்பாலும் இருப்பது குலத்தின் பெயர். அந்த மனிதரை அவருடைய அம்மா என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்பது அதில் இல்லை. பார்ப்பனர்களையும்தான் அளந்தார் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் புத்தகத்துக்கு வெளியே அவர்களுக்கு ஸ்டுடியோ இருந்தது, ஆல்பம் இருந்தது. நமக்கு அந்தப் புத்தகம் மட்டும்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் ஆல்பம் கிடையாது. என் அப்பாயியின் முகம் முதன்முதலாகப் படமானது வாக்காளர் அடையாள அட்டைக்காக. அவர் இறந்தபோது அதைத்தான் ஸ்டுடியோக்காரர் பெரிதாக்கி, பின்னால் நீல வண்ணம் போட்டு, கழுத்தில் ஒருபோதும் இல்லாத சங்கிலி ஒன்றையும் வரைந்து கொடுத்தார். அப்பா அதற்குத் தனியாக முப்பது ரூபாய் கொடுத்தார். அதற்கு முன்பு எங்கள் சுவரில் இருந்த ஒரே படம் அண்ணல் அம்பேத்கருடையது. சேரியில் பல வீடுகளில் அப்படித்தான். கோட்டும் கண்ணாடியுமாக அவரே குடும்பத்தின் மூத்தவராக மாட்டப்பட்டிருந்தார். இதெல்லாம் பண்பாட்டு வரலாறு இல்லையா?

'அவர்களிடம் பழைய படங்கள் கிடைப்பதில்லை' என்பது ஏற்பாட்டாளர்களின் வழக்கமான பதில். எந்த வீட்டில் போய்க் கேட்டீர்கள்? பள்ளி குரூப் போட்டோ, கப்பலேறும் முன் எடுத்த பாஸ்போர்ட் படம், மன்றத் திறப்பு விழாப் படம் எல்லாம் டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. உங்கள் கால்கள் காலனிக்கு வருவது பிணம் விழுந்தால்தான். (நம் தோழர்களும் இதில் சளைத்தவர்களல்ல. நம் முகநூல் பக்கங்களில் ஒரு தலித் சிரித்துக்கொண்டிருக்கும் படம் கடைசியாக எப்போது வந்தது?)

வேறு மாதிரி செய்ய முடியாது என்பதும் பொய். மதுரையிலிருந்து வந்த எம்.பழனி குமாருக்கு, மீன் விற்கும் அவருடைய அம்மா கடன் வாங்கிக் கேமரா வாங்கித் தந்தார். துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்க்கையை அவர் காட்சிக்கு வைத்தபோது கொடுத்த தலைப்பு 'நானும் ஒரு குழந்தை'. தலைப்பிலேயே 'நான்' வந்துவிடுகிறது. விடியுமுன் மீன் வாங்கப் போகும் தன் அம்மாவையும் அவர் படமாக்கினார். வாடிப்பட்டிக்காரரான ஜெய்சிங் நாகேஸ்வரன் ஊரடங்கில் வீடு திரும்பி, தன் குடும்பத்தையே எடுத்தார். தன் வீட்டை எடுப்பவருக்குத் தன் மக்கள் 'மாதிரி'களாகத் தெரிவதில்லை.

எனவே கண்காட்சி நடத்துகிறவர்களிடம் கேட்கிறோம். படத்தில் இருப்பவரின் சம்மதத்தோடு அவருடைய பெயரை எழுதுங்கள். அவர் வேண்டாமென்றால் படத்தை மாட்டாதீர்கள். ஒரு பிரதியை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். விற்றால் பங்கு கொடுங்கள். திறப்பு விழாவில் அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். முதல் அறையில் இருக்கும் வக்கீல் தாத்தாவின் நிலத்தில் யார் உழுதார்கள் என்பதையும் அந்தப் படத்தின் கீழேயே எழுதுங்கள்.

அப்பாயியின் படத்தைத் தர நான் தயார். அந்தச் சங்கிலியை அழிக்கக் கூடாது. முப்பது ரூபாய்க் கணக்கையும் சேர்த்து எழுத வேண்டும். மாட்டுவதாக இருந்தால் முதல் அறையில் மாட்டுங்கள், வக்கீல் தாத்தாவுக்குப் பக்கத்தில்.