பெசஹா அப்பமும் பென்னிகுக் பொங்கலும்

கம்பத்துல இருந்து மலையேறி குமுளி தாண்டிட்டா, ஈஸ்டருக்கு முந்தின வியாழன் ராத்திரி சிரியன் கிறிஸ்தவங்க வீடுகள்ல பெசஹா அப்பம் வேகும். அரிசிமாவும் உளுந்தும் சேர்த்து, புளிக்க விடாம ஆவியில வேக வைக்கிறது. மேல குருத்தோலை ஞாயிறன்னிக்குக் கொண்டு வந்த ஓலையில ஒரு சிலுவை. தொட்டுக்க வெல்லமும் தேங்காய்ப்பாலும் காய்ச்சின 'பால்'. வீட்டுப் பெரியவர் பிட்டு, வயசு வரிசைப்படி கொடுப்பார். துக்க வீட்டுல அந்த வருஷம் செய்ய மாட்டாங்க, அக்கம்பக்கத்துல இருந்து வரும்.

பெசஹான்னா யூதர்களோட பெசாக் பண்டிகைதான். தமிழ் பைபிள்ல பஸ்கா. எகிப்துல அடிமையா இருந்தவங்க ராத்திரியோட ராத்திரியா கிளம்பினப்போ மாவு புளிக்க நேரமில்லையாம். அந்த அவசரத்தை இன்னிக்கும் புளிக்காத ரொட்டியா சாப்பிடறாங்க. கசப்புக் கீரை அடிமைப்பாட்டுக்கு, உப்புத்தண்ணி கண்ணீருக்கு, பழமும் கொட்டையும் அரைச்ச கரோசெத் அவங்க மிதிச்ச களிமண்ணுக்கு. வீட்டுல இருக்கிற சின்னப்பிள்ளை கேள்வி கேட்கணும், பெரியவங்க கதை சொல்லணும்.

எனக்கு ஆச்சரியமா இருந்தது வேற. அன்னிக்கு வாசிக்கிற ஹகடா புத்தகத்துல, கூட்டிட்டு வந்த மோசேயோட பேர் வர்றதே அபூர்வம். தலைவர் புராணம் கிடையாது. பட்ட பாடுதான் கதை.

நம்ம கதைக்கு வருவோம். ஜனவரி 15 பென்னிகுக் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறோம். வைக்கணும். 1895-ல அந்த அணை வரலைன்னா நமக்கு நெல்லும் இல்லை, திராட்சையும் இல்லை. இன்ஜினியருக்குப் பொங்கல் வைக்கிற ஊர்க்காரன்னு ஆபீஸ்ல நானும் காலரைத் தூக்கி விட்டிருக்கேன் :-)

ஆனா அந்த அணையைக் கட்டுறப்போ காட்டுல காலராவிலயும் மலேரியாவிலயும் செத்துப்போன கூலிகளுக்கு எந்தப் பானை பொங்குது? இன்னிக்கும் ஏலத்தோட்டத்துக்கு விடியறதுக்கு முன்னாடி ஜீப்ல அடைச்சுக்கிட்டுப் போறவங்க இருக்காங்க. 2011 டிசம்பர்ல பெரியாறு சண்டை முத்தினப்போ குடும்பம் குடும்பமா மலையிறங்கி ஓடி வந்தாங்களே, அது எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? "படிக்கிற பிள்ளைகிட்ட எதுக்குய்யா அந்தப் பேச்சு"ன்னு மூடிடறோம். கூலி வேலை பார்த்த தாத்தாவைச் சொல்ல நமக்குக் கூச்சம். அடிமையா இருந்ததை மேசையில வச்சுச் சாப்பிடற ஜனத்துக்கு அந்தக் கூச்சம் இல்லை பாருங்க.

அடுத்த ஜனவரி 15-க்குப் பொங்கலோட கொஞ்சம் சுண்டவத்தலும் வைப்போம்னு தெருவுல சொல்லிப் பார்த்தேன். நல்ல நாளும் அதுவுமா கசப்பான்னு கேட்டாங்க. பின்னூட்டத்துல நீங்க என்ன சொல்றீங்க?