ஒரு காரியஸ்தரின் பெயர்

‘பாய்காட்’ என்ற ஆங்கிலச் சொல்லை இன்று நாம் நாள்தோறும் கேட்கிறோம்; அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர் என்பது பலருக்கு நினைவில்லை. அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், மாஸ்க் ஏரிக்கரையில், எர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தராக இருந்தவர் சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட். விளைச்சல் பொய்த்த ஆண்டுகளுக்குப் பின், 1880இல் குடியானவர்கள் குத்தகையில் கால் பங்கைக் குறைக்கக் கேட்டார்கள். பிரபு பத்தில் ஒரு பங்குதான் விட்டுக்கொடுத்தார். செப்டம்பரில் வெளியேற்ற ஆணைகள் வந்தன. அதற்குச் சில நாள் முன்புதான் என்னிஸ் ஊரில் நடந்த கூட்டத்தில் அயர்லாந்தின் தேசியத் தலைவர் பார்னெல், வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை எடுப்பவனோடு எந்த ஒட்டுறவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். மேயோ மக்கள் அந்த வழியைக் காரியஸ்தரிடம் கைக்கொண்டார்கள். வேலையாட்கள் வயலைவிட்டுக் கரையேறினார்கள். கடைக்காரர் சாமான் தரவில்லை. கொல்லர் லாடம் அடிக்கவில்லை. அறுவடைக்கு வெளியூரிலிருந்து 50 பேரும், அவர்களுக்குக் காவலாக ஏறத்தாழ 1,000 சிப்பாய்களும் வந்தார்கள். சுமார் 500 பவுண்டு பெறுமான விளைச்சலுக்கு 10,000 பவுண்டு செலவானதாகக் கணக்குச் சொன்னார்கள். டிசம்பர் முதல் நாள் பாய்காட் அயர்லாந்தைவிட்டே போனார். அதற்குள் ஜான் ஓ'மாலி என்ற பாதிரியாரின் யோசனையால் அவர் பெயர் வினைச்சொல்லாகி, லண்டன் பத்திரிகைகளில் ஏறியிருந்தது; பின்னர் பிரெஞ்சுக்கும் ஜெர்மனுக்கும் பயணப்பட்டது.

சொல்தான் புதிது, செயல் மிகப் பழையது. நம் கிராமங்களில் ஊர்விலக்கு என்ற பெயரில் தண்ணீரையும் கூலியையும் மறுத்து எளியவரைப் பணியவைத்த கொடுமை இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. மேயோவில் நிகழ்ந்தது, வலியவர் கையில் இருந்த அந்த ஆயுதம் எளியவர் கைக்கு மாறியதுதான். 1905இல் வங்கத்தில் அந்நியத் துணியை மறுத்தவர்களிடமும், 1955இல் தொடங்கி அமெரிக்காவின் மான்ட்கமரியில் பேருந்தில் ஏறாமல் 381 நாட்கள் உறுதி குலையாதிருந்த கறுப்பின மக்களிடமும் அது மீண்டும் மீண்டும் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு முறையும் மறுத்தவர்கள் தாங்களும் எதையோ இழந்தார்கள்: கூலியை, சௌகரியத்தை, சில வேளை சுதந்திரத்தையே.

இன்று ஒரு திரைப்படத்தின் மீதும், ஒரு கடையின் மீதும், சில வேளை ஒரு சமூகத்தின் மீதே இச்சொல் வீசப்படுகிறது. அந்தச் சச்சரவுகள் வரும், அடங்கும். அவற்றைவிட நீண்ட ஆயுள் கொண்டது இந்தச் சொல். அகராதியில் தங்கியது காரியஸ்தரின் பெயர்; அதற்குப் பொருள் தந்த வேலையாட்களின் பெயர்களை உலகம் குறித்துவைக்கவில்லை. நாம் அந்தப் பெயரற்றவர்களின் வாரிசுகள். ஆகவே இச்சொல்லை எடுக்கும்போதெல்லாம், நாம் மறுப்பது நம்மைவிட வலியவரையா எளியவரையா, அந்த மறுப்புக்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்று கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம்.